பெட்டி காலியாகத் திரும்பக் கூடாது

காலையில் வேலைக்கு வந்து, ஓட்டல் முன்கூடத்தின் நாற்காலி உறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த பெட்டிக்காரர், சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. நேற்று இல்லாதது. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார்.

"பாவத் தொட்டில். கெட்டுப்போன பெண்கள் இருட்டில் வந்து, தாங்கள் பெற்ற பிள்ளையை இந்தப் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிய இடம்."

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை தடவினார். தப்பில்லை. அந்தப் பலகைக்குக் கீழே இருந்த பெட்டி வழியாகத்தான், பிறந்த அன்றே, அவர் வெளியுலகத்துக்கு வந்தார். ஊரில் அவருக்குப் பெயரே பெட்டிக்காரர் என்று நிலைத்ததும் அதனால்தான். அவரைப் பெற்றவள் கெட்டுப்போனவளும் இல்லை, ஓடிப்போனவளும் இல்லை. ஓட நினைத்திருந்தாலும் முடியாது. கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் கன்னியாஸ்திரீகள். உள்ளே போனால் சாகும்வரை வெளியாருக்கு முகம் காட்டுவதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். முகத்தை மறைக்கலாம், வயிற்றை மறைக்க முடியுமா? மாவும் எண்ணெயும் உள்ளே வந்தாக வேண்டும், அவர்கள் தைத்த துணி வெளியே போயாக வேண்டும். அதற்காகச் செய்ததுதான் பெட்டி. அப்போது வெளியார் வந்து நிற்கும் திண்ணையாக இருந்த இந்த முன்கூடத்தின் கனத்த சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் பீப்பாயை நிமிர்த்தி வைத்தது போல ஒரு மர அலமாரி. அதற்கு ஒரு பக்கம் மட்டும் திறப்பு. நடுவில் இரும்பு அச்சு. இந்தப் பக்கம் சாமானை வைத்து, மணியை ஆட்டி, ஒரு தள்ளு தள்ளினால் திறப்பு அந்தப் பக்கம் போய்விடும். குரல் கேட்கும், முகம் தெரியாது.

அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பெட்டி காலியாகத் திரும்பக் கூடாது. சாமான் கொண்டுவந்தவனுக்குப் பதிலுக்கு எதையாவது வைத்துத்தான் திருப்ப வேண்டும். ஒரு ரொட்டித் துண்டோ, ஒரு எலுமிச்சம்பழமோ, ஒன்றுமே இல்லையா, ஒரு முழம் நூலோ. 'உன்னது வந்து சேர்ந்தது, நான் இங்கே இருக்கிறேன்' என்று அர்த்தம். முகம் பார்க்காதவர்களுக்குள் அதுதானே மரியாதை.

'ஆண்டி எப்போ சாவான், மடம் எப்போ காலியாகும்' என்று காத்திருந்தது போல ஒவ்வொருத்தனாக வந்தான் அந்த மடத்துக்கு. முதலில் ஒரு ராஜா சண்டையில் பட்டாளம் வந்து, கன்னியாஸ்திரீகளைக் கட்டின துணியோடு துரத்தியது. அவர்கள் முழங்கால் போட்ட கூடத்தில் குதிரையைக் கட்டினான்கள். சுவரில் அடித்த இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. அந்தப் போக்கிரிகள்கூட, பெட்டி வழியாகச் சாராயம் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு புகையிலைத் துண்டாவது வைத்துத்தான் திருப்பினார்களாம். பட்டாளம் போய் தானியக் கிடங்கு வந்தது. கிடங்கு போய் ஜெயில் வந்தது. ஜெயில் போய்க் காய்ச்சல் ஆஸ்பத்திரி, அப்புறம் வரி ஆபீஸ். வாசலில் எந்தப் போர்டு மாட்டினாலும் ஊர் வாயில் அது மடம்தான். "மடத்துக்குப் போறேன்" என்று ஒருத்தன் சொன்னால், "எதுக்குடா? திருடினியா, காய்ச்சலா?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரி ஆபீஸ்காரர்கள்தான் சட்டத்தை மீறினவர்கள் என்று பெட்டிக்காரர் சிரிப்பார். ஜனங்கள் மனுவைப் பெட்டியில் வைத்துத் தள்ளுவார்கள். உள்ளே போனது போனதுதான், பதிலே வராது. சும்மாவா, அங்கே தண்ணீர் எடுத்து வைக்கும் ஆளாக இருந்தவர் அவர். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரித் துணி துவைத்தவர். இப்போது ஓட்டல் துணிக்கு மெஷின் போடுகிறவர். மடம் வேஷம் மாற மாற, இவரும் உடுப்பு மாற்றிக்கொண்டு அதே பின்சந்து வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டே இருந்தார்.

அவருடைய அம்மா காய்ச்சல் ஆஸ்பத்திரியில் ஆயா. அந்த வருஷக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனது. அப்பாவைத்தான் முதல் வரிசையில் எடுத்தது. பிறகு ஒரு நாள் மேலேயிருந்து உத்தரவு வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே, நோயாளியானாலும் சரி, ஆயாவானாலும் சரி. அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். "நீ வயித்துப் பிள்ளைக்காரி, பூட்டுறதுக்கு முன்னாடி போயிடு" என்று பெரிய நர்ஸ் சொன்னாளாம். வார்டில் அத்தனை பேர் தண்ணீருக்குக் கையை நீட்டிக்கொண்டு கிடக்கையில் எப்படிப் போவது என்று நின்றவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பிள்ளை உள்ளேயே பிறந்தது. கொதிக்க வைத்த விரிப்பில் சுற்றி, பெட்டியில் வைத்து, மணியை ஆட்டினாள். அந்தப் பக்கம் அக்காக்காரி நின்றிருந்தாள். அந்தப் பெரியம்மாதான் இவரை வளர்த்தவள்.

அன்றிலிருந்து பெரியம்மா தினமும் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோவாள். அதோடு பிள்ளை முந்தின ராத்திரி கட்டியிருந்த துணியையும் வைப்பாள், துவைக்காமல். துவைத்தால் பிள்ளை வாசனை போய்விடுமே. பதிலுக்குப் பெட்டி திரும்பும்போது ஒரு குட்டிச் சட்டை இருக்கும். பழைய விரிப்பைக் கிழித்து, தைத்து, கொதிநீரில் போட்டு எடுத்த சட்டை. ஆவி பறக்க வருமாம். ஒரு நாள் வந்த சட்டைக்கு ஒரு கைதான் இருந்தது. மறுநாள் பெரியம்மா வாளியை வைத்தாள், துணியை வைத்தாள், மணியை ஆட்டினாள். பெட்டி திரும்பியது. காலி.

யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியம்மா அங்கேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

இந்தக் கதையைப் பெட்டிக்காரர் ஓட்டல் மேனேஜரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கட்டடத்தைப் பழுது பார்க்கையில், பெட்டி எப்படிச் சுழலும் என்று காட்டச் சொல்லிக் கூப்பிட்டபோது ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கண்கூடக் கலங்கினான். அந்த மனுஷனா இதை எழுதி மாட்டியிருக்கிறான்?

கூடையை அங்கேயே போட்டுவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், அந்தப் பலகைய யாரு எழுதினது?"

"நான்தான். எப்படி இருக்கு பெரியவரே?"

"நான் உங்ககிட்ட சொன்னது என்ன, நீங்க எழுதியிருக்கிறது என்ன?"

மேனேஜர் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "பெரியவரே, காய்ச்சல்ல செத்தாங்கன்னு எழுதினா யாரு ரூம் எடுப்பாங்க? எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிடுவாங்க. பாவம், ரகசியம்னு எழுதினா நின்னு போட்டோ எடுப்பாங்க. யாரையும் பேர் சொல்லி எழுதலையே."

"பேரு எதுக்கு சார்? அதுல வெளிய வந்தது நான் ஒருத்தன்தான். ஊருக்கே தெரியும். அப்ப அந்தக் கெட்டுப்போனவ யாரு?"

"வர்றவங்க வெளியூர்க்காரங்க. அவங்களுக்கு உங்க அம்மாவத் தெரியுமா, உங்களத் தெரியுமா?"

அந்தப் பதில்தான் அவரைச் சுட்டது. ஏற்கெனவே இந்த ஓட்டலில் அவர் முழுங்கினது கொஞ்சமா? ஜெயில் அறைக்குக் கம்பியை அப்படியே விட்டு அதை ஸ்பெஷல் ரூம் ஆக்கினார்கள். கம்பிக்குப் பின்னால் நின்று புருஷனும் பெண்டாட்டியும் பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சரி, தொலைகிறது. அம்மா கிடந்து செத்த வார்டில் மெழுகுவத்தி ஏற்றி, வருகிறவர்களுக்கு உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். அந்த எண்ணெய்த் துண்டுகளைத் துவைத்ததும் இவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு துவைத்தார். கட்டடம் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் புழங்கத்தான் செய்வார்கள், அதற்கு அழ முடியுமா? ஆனால் செத்தவள் மேல் சேற்றை அள்ளிப் பூசி, அதற்குப் பித்தளையில் பலகையும் போட்டால்?

"எடுத்துடுங்க சார்" என்றார்.

"இந்தப் பெட்டிக்குத் திறப்பு விழா வெச்சிருக்கோம், அது முடியட்டும், பார்க்கலாம். ஆமா, விழாவுக்குப் பெட்டிய உள்பக்கமிருந்து நீங்கதான் திருப்பணும். மத்தவங்க தொட்டா சிக்கிக்குது."

வீட்டுக்குப் போனதும் பெட்டிக்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பேத்தியைப் பார்க்க உட்கார்ந்தார். மகள் பிரசவத்துக்கு வந்து இன்னும் மாதம் ஒன்று ஆகவில்லை. பேத்தி என்ன செய்துவிட்டாள்? கொட்டாவி விட்டாள். அவ்வளவுதான். ஆனால் அப்படி ஒரு கொட்டாவியை உலகத்தில் எந்தப் பிள்ளையாவது விட்டிருக்குமா? இருந்த வாய் நெல்லிக்காய் அளவு. அது விரிந்து, மூக்கு சுருங்கி, கடைசியில் ஒரு குட்டிப் பெருமூச்சு, ஏதோ நாள் முழுக்க மூட்டை தூக்கினவள் போல. கோபம் பாதி அங்கேயே கரைந்தது. எழுந்துபோய்ப் பிள்ளைத் துணிகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

"அது நனைக்கறதுக்கு இஸ்திரி ஒரு கேடா?" என்றாள் மனைவி. "எனக்கு ஒரு புடவை போட்டுக் கொடுத்திருக்கீங்களா இந்த ஜென்மத்துல?"

"நீ எங்க கொட்டாவி விட்ட இந்த மாதிரி?"

அந்த நேரத்தில்தான் மருமகன் வந்தான். ஓட்டல் வாசலில் தொப்பி போட்டுக் கதவு திறந்துவிடுகிற வேலை அவனுக்கு. நல்ல பையன்தான். ஆனால் மேனேஜர் தும்மினால் இவன் கைக்குட்டையோடு ஓடுவான். வந்தவன் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் மாமனாரை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மாமா, மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். திறப்பு விழா அன்னைக்கு, விருந்தாளி மணிய ஆட்டுவார். பெட்டி திரும்பும். உள்ளே ஒரு நிஜக் குழந்தை. எல்லாரும் அசந்துருவாங்களாம்."

"பொம்மை வைக்கச் சொல்லுங்க."

"நிஜக் குழந்தைதான் வேணுமாம். நம்ம பாப்பாவ..." மாமனார் முகத்தைப் பார்த்து அவன் குரல் இறங்கியது. "ஒரு நிமிஷம்தான் மாமா. நீங்கதானே வைப்பீங்க, நீங்கதானே எடுப்பீங்க. என்னை உள்ளே சூப்பர்வைசரா போடறேன்னுட்டார். எத்தன நாளைக்கு மாமா தொப்பியோட வாசல்ல நிக்கிறது?"

பெட்டிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மாப்பிள்ள, அந்தப் பலகைய நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எங்கம்மாவத்தான் எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். சும்மா ஷோவுக்குத்தானே மாமா."

"ஷோவுக்கு உங்கம்மாவ எழுதச் சொல்லுங்களேன்."

அவன் குனிந்து செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான். "அந்தப் பலகைக்குக் கீழ என் பேத்திய வெச்சு, கெட்டுப்போனவ போட்டுட்டுப் போன பிள்ளைன்னு ஊரே பார்த்துக் கைதட்டணுமா? என் உயிர் இருக்கறவரைக்கும் நடக்காது" என்றார் இவர். இவ்வளவு சொன்னால் போதும், பேச்சு அங்கேயே முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

முடியவில்லை.

விழா அன்று காலையில் அவருக்கு ஒரு பட்டுத்துணியைக் கொடுத்து, இஸ்திரி போட்டுப் பலகையின் மேல் மூடித் தொங்கவிடச் சொன்னார்கள். வருகிற பெரிய மனிதர் இழுத்துத் திறப்பாராம். மடிப்பு ஒரு நூல் பிசகாமல் போட்டார். முன்கூடத்தில் யாரும் இல்லை. துணியைத் தொங்கவிட ஏறினவர், மெஷின் முடுக்குகிற திருப்புளியைப் பையிலிருந்து எடுத்து, மூலைக்கு ஒன்றாக இருந்த திருகுகளைக் கழற்றி, பலகையைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு இறங்கினார். வெறும் சுவரின் மேல் பட்டுத்துணி அழகாகத் தொங்கியது. பலகையை என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. துணி துவைக்கிற அறையில், அழுக்குக் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்தார். அந்த அறைதான் பெட்டியின் உள்பக்கம். அந்தக் காலத்தில் கன்னியாஸ்திரீகளின் சமையல்கட்டு.

முன்கூடத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தமும் வாசனைத் தைல மணமும் பெட்டி இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தபோது, பின்வாசல் வழியாக மகள் உள்ளே வந்தாள். கையில் குழந்தை. புதுச்சட்டை, புதுத்தொப்பி.

"நீ எதுக்கும்மா இங்க வந்த?"

"நீங்கதான் வரச் சொன்னீங்கன்னு அவர் சொன்னாரே? பாப்பாவ நீங்களே தூக்கிப் பெட்டியில வைக்கணும்னு ஆசைப்பட்டீங்களாமே." அவள் கண் சிவந்திருந்தது. "ராத்திரி பூரா தூக்கமில்லப்பா எனக்கு. சின்ன வயசுலேருந்து எனக்குக் கத சொன்ன மனுஷன் இதுக்கு எப்படி ஒத்துக்கிட்டார்னு யோசிச்சு யோசிச்சு..."

"நானா? நான் முடியாதுன்னேன்மா. முகத்துக்கு நேரா முடியாதுன்னேன்."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு வாசல் இருக்கும் திசையைப் பார்த்தாள், புருஷன் அங்கே சுவரைத் தாண்டித் தெரிவது போல. "வீட்டுக்கு வரட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், மருமகனுக்கு அதுவே போதும். குழந்தையை இறுக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

வெளியே மேனேஜர் பேசிக்கொண்டிருந்தான். பாவம், ரகசியம், இருட்டு என்று குரலை ஏற்றி இறக்கினான். "இப்போது நம் சிறப்பு விருந்தினர் திரையை விலக்குவார்" என்றான். பட்டுத்துணி சரசரவென்று இறங்கிய சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"அ... அடுத்து, மணி! மணிய ஆட்டுங்க சார்!" என்று மேனேஜர் அவசரப்பட்டான்.

மணி அடித்தது.

அந்த மணி அடித்தால் கை தானாகப் பெட்டிக்குப் போய்விடும் அவருக்கு. போனது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. தள்ளாமல் நின்றார். மணி மறுபடியும் அடித்தது.

"காலியா திருப்பக் கூடாதேப்பா" என்றாள் மகள் மெதுவாக.

அவர் குனிந்து அழுக்குக் கூடையைக் கவிழ்த்தார். தலையணை உறையை உதறினார். பலகையைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, ஒரே தள்ளு.

அந்தப் பக்கம் ஆ என்று ஒரு சத்தம். பிறகு ஒரு கனத்த குரல், விருந்தாளியாகத்தான் இருக்க வேண்டும், பலகையை எடுத்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தது. "பாவத் தொட்டில். கெட்டுப்போன பெண்கள்..."

"பொய்!"

பெட்டிக்காரர் பெட்டியின் இடுக்கில் வாயை வைத்துக் கத்தினார். முகம் தெரியாது, குரல் போகும். அதற்காகச் செய்த பெட்டிதானே. "அதுல எழுதியிருக்கிறது பொய்யி! அந்தப் பெட்டியில வந்த பிள்ள நான்தான்! எங்கம்மா இந்த மடத்துல காய்ச்சக்காரங்களுக்குத் தண்ணி கொடுத்தவ. நீங்க எண்ணெய் தேய்ச்சுக்கிறீங்களே, அங்கதான் செத்தா. என்னப் பெத்து, நான் பொழைக்கணும்னு வெளிய அனுப்பினா. ஓடிப் போகல! கெட்டுப் போகல! உள்ளேயே இருந்து எனக்குச் சட்ட தைச்சா!"

மூச்சு வாங்கியது. காதை இடுக்கில் வைத்துக் கேட்டார்.

கைதட்டினார்கள்.

நன்றாகவே தட்டினார்கள். "பிரமாதம்! எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறாங்க!" என்றது ஒரு குரல். "பலகை மறைஞ்சு உள்ளேருந்து வந்தது பாருங்க, அதான் டாப்பு" என்றது இன்னொன்று. கனத்த குரல், "இன்னொரு தடவை சுத்துங்க, போட்டோ எடுக்கணும்" என்றது. யாரோ விளையாட்டாகப் பெட்டியைப் பிடித்து, சிக்கச் சிக்கத் திருப்பினார்கள்.

பெட்டி இந்தப் பக்கம் திரும்பி வந்து நின்றது. காலி.

பெரியம்மா சொல்லித்தான் அவர் அதைக் கேட்டிருந்தார். பெட்டி தன் பக்கம் காலியாக வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தது கிடையாது. இத்தனை வருஷத்தில், இத்தனை உடுப்பு மாற்றியும், ஒரு தடவைகூட. உள்ளே வெறும் மரம், பளபளவென்று வார்னிஷ் அடித்த மரம். அவ்வளவு கத்தினதற்கும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் இதுதான். மகள் அவர் தோளைத் தொட்டாள். அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, உடுப்பைக் கழற்றினார். ஓட்டல் பெயர் போட்ட அந்தச் சட்டையை மடிப்புக் கலையாமல் மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பழக்கதோஷம். காலியாகவா விட முடியும்?

"வாம்மா. செத்த வீட்ல நமக்கு என்ன வேலை? பாப்பாவ எங்கிட்ட குடு."

பின்சந்துப் பக்கம் திரும்பின மகளை, "அந்தப் பக்கம் இல்ல" என்று நிறுத்தினார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியனோடு, முன்கூடம் வழியாகவே நடந்தார். வேலைக்காரர்கள் யாரும் மிதிக்கக் கூடாத வழி. விருந்தாளிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஷோவின் அடுத்த பகுதி என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி குழந்தையைப் போட்டோ எடுக்கப் போனை நீட்டினாள். மகள் குறுக்கே வந்து உள்ளங்கையால் மறைத்தாள். மேனேஜர் பின்னாலேயே வந்தான். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே, பல்லுக்கிடையில், "பெரியவரே, நாளைலேருந்து வராதீங்க" என்றான்.

"நாளைக்கா? நான் இப்பவே இல்ல சார்."

வாசல் கதவுக்குப் பக்கத்தில் மருமகன் தொப்பியோடு நின்றிருந்தான். மாமனாரைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், அவர்கள் முதுகுக்குப் பின்னால் கையை அசைத்து 'திறக்காதே' என்று ஜாடை காட்டுகிற மேனேஜரைப் பார்த்தான்.

"திறங்க மாப்பிள்ள" என்றார் பெட்டிக்காரர். "உங்க பொண்ணு வெளிய போகணும்."

குழந்தை அப்போதுதான் கண் விழித்து, அப்பன் தொப்பியைப் பார்த்து, ஒரு கொட்டாவி விட்டாள்.

அவன் கதவைத் திறந்தான்.